சிறு ஒலிபெருக்கியும் கரையோரப் புகையிரதமும்

பம்பலப்பிட்டிப் புகையிரத மேடையில் நின்று மேற்கே நோக்கினால் கடலன்றி வேறொன்றும் தென்படாது. கிழக்கே திரும்பினால் மரைன் டிரைவ் வீதியும் அதற்கப்பால் மாடி வீடுகளும் தோன்றும். இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் இருப்புப் பாதை 1870களில் கொழும்பிலிருந்து தெற்கே நீளத் தொடங்கி, 1894ஆம் ஆண்டு காலியையும், 1895ஆம் ஆண்டு மாத்தறையையும் சென்றடைந்தது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இக்கரையில் நீராவி எஞ்சின்களின் குரலே மேலோங்கிக் கேட்டது. 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு வழங்கிய டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின. ஒன்ராறியோ, அல்பேட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவை நமது தென்னஞ்சோலைகளினூடே ஓடின. நீராவி எஞ்சின் படிப்படியாக விடைபெற்றது.

அது விடைபெற்ற பின்னர் அதன் குரல் எங்கே தங்கியிருக்கிறது? இக்கேள்வியை என்னிடம் எழுப்பியது ஒரு விளையாட்டுப் பொருள். இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் ஒருவன் கையகலப் பெட்டியில் ஒரு மாதிரிப் புகைவண்டியைக் கொண்டுவந்தான். தண்டவாளத்தில் வைத்தால் அது ஓடும், ஓடும்போது உண்மை எஞ்சினைப்போல் மூச்சுவிடும், ஊதும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அதன் குரல் கம்மிப் பின் அடங்கிவிட்டது. வண்டி ஊமையாக ஓடிற்று. திறந்து பார்த்தபோது, கரி வண்டியின் வயிற்றுக்குள் விரல்நகத்தினும் சற்றே பெரிய ஓர் ஒலிபெருக்கி துருவேறிக் கிடந்தது. அதனைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. அவ்வேலையினூடாக நான் கற்ற சிறு வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒலிபெருக்கி என்பது தத்துவத்தில் மிக எளிய பொருள். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளிலே மின்னோட்டம் மாறி மாறிச் செல்லும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது, நாம் கேட்கிறோம். அசையும் சுருள் என்னும் இந்த எண்ணத்தை ஜெர்மனியின் வேர்ணர் சீமென்ஸ் 1870களிலேயே காப்புரிமையாகப் பதிவு செய்துவிட்டார். 1898ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜும் அதனைச் செம்மைப்படுத்தினார். எனினும் அதற்கு வலிமையூட்ட மின்பெருக்கி இல்லாமையால் இருவருடைய எண்ணமும் ஏட்டளவில் நின்றது. வானொலிக் குழாய்கள் தோன்றிய பின்னரே, 1925ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் ஊதுகொம்பு இல்லாத கூம்பு ஒலிபெருக்கியை உலகுக்குக் காட்டினர். இன்று நாம் கேட்கும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள்தான் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்னரே தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரும் அவருடைய துணைவர்களும், போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்திருந்தனர். அக்காலத்தில் வானொலி கேட்பவர் காதிலே கேட்பொறியை மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டார் எல்லோரும் கேட்க விரும்பினால் அந்தக் கேட்பொறியை ஒரு பீங்கான் கோப்பைக்குள் வைத்து, கோப்பையைச் சுற்றி அமர்வதுண்டு. கோப்பை ஒலியைத் திரட்டிக் கொடுக்கும். சிறு ஒலிபெருக்கிக்கு அதனைச் சூழ்ந்துள்ள பெட்டியே பாதி உயிர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மாதிரி வண்டியைத் திருத்தும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இந்தக் கோப்பையே.

ரைஸும் கெலொக்கும் செய்த ஒலிபெருக்கி சிறியதன்று. அதன் காந்தம் மின்காந்தம். ஒலி பிறக்க ஒரு சுருள், காந்தம் பிறக்க இன்னொரு பெருஞ்சுருள். எடையும் மிகுதி, சூடும் மிகுதி. மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஒலிபெருக்கி சிறுத்த கதை, காந்தம் வலுத்த கதையே எனலாம். 1931ஆம் ஆண்டில் ஜப்பானியரான மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்து ஆற்றல்மிக்க நிரந்தரக் காந்தத்தைக் கண்டார். அவ்வழியில் வந்த அல்னிக்கோ, மின்காந்தத்தை ஒலிபெருக்கியிலிருந்து வெளியேற்றிற்று. 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடம் சுட்ட மண்போன்ற மலிவான பெரைற்றுக் காந்தத்தைத் தந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வாளரும் ஒருவரையொருவர் சாராது நியோடிமியம் காந்தத்தைக் கண்டறிந்தனர். கடுகளவு எடையில் மலையளவு வலிமை. கைத்தொலைபேசிக்குள் ஒலிபெருக்கி அடங்கியது இதனால்தான். கைத்தொலைபேசிக்கென்று செய்யப்பட்ட அந்தச் சிறு பெட்டிகளே இப்போது மாதிரிப் புகைவண்டிகளிலும் குடியேறியுள்ளன. 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு வகையை இத்துறையினர் 'சீனிக்கட்டி' என்றே அழைக்கின்றனர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனடாவிலிருந்து வந்து நம் நீராவி எஞ்சின்களை ஓய்வுக்கு அனுப்பிய டீசல் எஞ்சின்களைச் செய்ததும் ஜெனரல் மோட்டோர்ஸ் குழுமமே. நீராவியின் குரலை மீண்டும் எழுப்ப உதவும் காந்தத்தைக் கண்டவர்களுள் ஒரு சாராரும் அதே குழுமத்தாரே.

இனி விளையாட்டு வண்டிகளின் பக்கம் வருவோம். அவை முதலில் பேசக் கற்றது ஒலிபெருக்கியால் அன்று. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் தனது கரி வண்டிக்குள் ஒரு சிறு மோட்டரையும் காற்றாடியையும் வைத்தது. காற்றாடி காற்றைக் குழலுக்குள் தள்ள, வண்டி உண்மையாகவே ஊதிற்று. தண்டவாளத்தில் ஓடியது ஆடலோட்டம், அதாவது திசைமாறும் மின்சாரம். பொத்தானை அழுத்தினால் அதன்மேல் சிறிது நேரோட்டம் கலக்கும்; அதனை உணரும் ஒரு விசை காற்றாடியை முடுக்கும். எத்துணை எளிய, எத்துணைச் சாதுரியமான ஏற்பாடு! பின்னர் அதே நிறுவனம் டீசல் மாதிரிகளுக்குள் உலர் மின்கலத்தால் இயங்கும் ஊதுகுழல் ஒன்றை வைத்தது. மின்கலத்தை எடுக்க மறந்தவர்களின் வண்டிகள் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுப் போயின. அதன் போட்டியாளரான அமெரிக்கன் ஃபிளையர், ஒலியை வெளியே ஒரு பெட்டியில் பிறப்பித்துத் தண்டவாளத்தின் வழியே அனுப்பி, கரி வண்டிக்குள் இருந்த ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தது. மாதிரி வண்டிக்குள் ஒலிபெருக்கியைப் பொருத்திக் கம்பி இணைக்கும் கலை அங்கேதான் தோன்றிற்று என்று கொள்வதில் தவறில்லை.

ஊதலைவிட மூச்சே கடினம். இரண்டு உருளைகள் கொண்ட நீராவி எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுற்றும்போது புகைபோக்கியினூடாக நான்கு முறை ஆவி சீறிப் பாயும். இந்த நான்கு அடித் தாளம் தவறினால் கேட்பவர் காது உடனே அதனைப் பொய்யென்று தள்ளிவிடும். 1970களில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் என்னும் நிறுவனம் விற்ற ஒலித் தொகுதியில், மாதிரியின் அச்சிலேயே ஒரு தொடுகையைப் பொருத்தி, சக்கரம் சுற்றச் சுற்றத் தாளம் பிறக்கச் செய்தனர். ஜெர்மனியின் பேர்ண்ட் லென்ஸ் வகுத்த எண்முறைக் கட்டுப்பாட்டை 1990களில் அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம் பொது நியமமாக ஏற்றது. அதன்பின் டிகோடர் என்னும் சிறு மின்பலகை வண்டிக்குள் புகுந்தது. கட்டளையைப் படிப்பதும், மோட்டரை ஓட்டுவதும், பதிவு செய்த ஒலியைப் பெருக்கி வெளியிடுவதும் அதன் பணி. இவ்வளவும் ஒரு தபால் முத்திரையின் பரப்புக்குள் நடைபெறுகின்றன.

அந்தப் பலகையிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளையே நான் புதிய ஒலிபெருக்கியோடு இணைக்க வேண்டியிருந்தது. இரண்டு கம்பிதானே என்று எண்ணினேன். அங்கேதான் தவறிழைத்தேன்.

ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஒரு மின்தடை அளவு உண்டு. அது 4 ஓம், 8 ஓம் என்று முதுகில் எழுதப்பட்டிருக்கும். பழைய டிகோடர்கள் சில 100 ஓம் ஒலிபெருக்கிக்கென்றே செய்யப்பட்டவை. நான் கழற்றி எறிந்த பழையதன் எழுத்துகளைத் துரு தின்றுவிட்டிருந்தது. அளந்து பாராமலே, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிவந்த 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தேன். தடை குறைந்தால் மின்னோட்டம் பெருகும் என்பது பள்ளிச் சிறுவனும் அறிந்த விதி. 100க்குப் பதில் 8 என்றால் பன்னிரண்டு மடங்குக்கு மேல். வண்டி ஒருமுறை மிக இனிமையாக ஊதிற்று. பிறகு கருகிய நாற்றம் வந்தது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வருத்தமாக இருந்தது. புதிய டிகோடர் கடல் கடந்து வர ஐந்து வாரம் பிடித்தது. ஆகவே நேயர்களே, முதலில் டிகோடரின் குறிப்பேட்டைப் படியுங்கள். பின்னர் பல்மானியால் ஒலிபெருக்கியை அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது பல்மானியில் 7 ஓம் அளவிற் காட்டினால் அதில் பழுதில்லை. நேரோட்டத் தடை சற்றுக் குறைவாகவே இருக்கும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு கண்ணி. பழைய வானொலிப் பெட்டிகளைத் திருத்திப் பழகியவர்கள் ஒலிபெருக்கியின் ஒரு முனையை உலோகச் சட்டத்தோடு சேர்ப்பது வழக்கம். டிகோடர்களின் மின்பெருக்கியிலோ இரு கம்பிகளும் உயிருள்ளவை. எதுவும் சட்டத்தையோ தண்டவாளத்தையோ மற்றக் கம்பிகளையோ தொடக்கூடாது. தொட்டால் பலகை போயிற்று.

பற்றாசு பிடிப்பதும் எளிதன்று. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை வெப்பத்துக்கு மேல் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் இளகிவிடும். ஆதலால் பற்றாசுக்கோல் இரண்டு விநாடிக்கு மேல் தங்கக்கூடாது. கம்பியின் நுனிக்கும் ஒலிபெருக்கியின் முனைக்கும் தனித்தனியே முன்கூட்டி ஈயம் பூசிவைத்து, பிறகு ஒன்றையொன்று தொடச் செய்து ஒரு கணம் சூடேற்றுவதே முறை. இதிலே எதிர்பாராத தொல்லை ஒன்றுண்டு. பற்றாசுக்கோலின் நுனியில் இரும்புப் பூச்சு இருப்பதால் காந்தம் அதனைப் பற்றி இழுக்கிறது! கை நடுங்காதவனுக்கும் நடுங்குவதுபோல் தோன்றும். மேசையிற் சிதறிய இரும்புத் தூளும் திருகாணியும் ஓடிவந்து கூம்பிலே ஒட்டிக்கொள்ளும். ஒரு துகள் இடைவெளிக்குள் புகுந்தாலும் குரல் கரகரக்கும். பம்பலப்பிட்டிக் கடற்காற்றோ இன்னொரு பகைவன். நியோடிமியம் காந்தம் நிக்கல் மேற்பூச்சு இல்லாவிடில் விரைவில் துருவேறும். முதல் ஒலிபெருக்கியைக் கொன்றது உப்புக் காற்றே என்பது என் துணிபு. ஆகவே புதியதை நாடாவால் மூடி வைத்தேன்.

இனிப் பெட்டி. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்னொலியும் பின்னொலியும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளே முதலில் மடியும். வெறுமனே கையிற் பிடித்த ஒலிபெருக்கி கொசுவைப்போல் முனகுவது இதனால்தான். அதனைக் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைத்தவுடன் அதே பொருள் மனிதக் குரல் பெறுகிறது. எங்கும் ஒரு ஊசித்துளை இருத்தலாகாது. நான் ஓரங்களை மெழுகுபோன்ற பசையால் அடைத்தேன்.

இவ்வளவு செய்தும் ஓர் எல்லை உண்டு. மாதிரி வண்டி உண்மை வண்டியின் 76இல் ஒரு பங்கு. எஞ்சினைச் சுருக்கலாம், சக்கரத்தைச் சுருக்கலாம். ஒலியின் அலையைச் சுருக்க இயலாது. விநாடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீற்றர். அதனை 15 மில்லிமீற்றர் கூம்பு எழுப்ப வேண்டும் என்று கேட்பது, சிரட்டையால் கடலை இறைக்கச் சொல்வது போன்றது. உண்மை எஞ்சின் வரும்போது காதுக்கு முன் நெஞ்சு உணரும் அந்த அதிர்வு எந்தச் சீனிக்கட்டியிலும் கிடையாது. இழந்ததைச் சற்று ஈடுசெய்ய இரண்டு ஒலிபெருக்கிகளை வைப்பதுண்டு. 4 ஓம் உள்ள இரண்டைத் தொடராக இணைத்தால் 8 ஓம் ஆகும். 8 ஓம் உள்ள இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். எதைச் செய்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னே தள்ள வேண்டும். ஒன்று தள்ள மற்றொன்று இழுத்தால் ஒலி பெருகுவதற்கு மாறாகக் குன்றும். ஒன்றரை வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொடச் செய்து, எம்முனையிற் கூட்டல் பட்டால் கூம்பு வெளியே எழுகிறது என்று பார்த்துக் குறியிட்டுக்கொள்வது நல்லது.

புதிய டிகோடர் வந்து, இரண்டு சீனிக்கட்டிகளையும் தொடராக இணைத்து, வண்டியை மேசைமேல் ஓடவிட்ட மாலையில் எங்கள் பெரியையாவை அழைத்து உட்காரவைத்தோம். அவர் 1940களில் இதே பாதையோரத்தில் வளர்ந்தவர். அன்றைய வண்டிகளின் ஓசை கேட்டே பள்ளிக்கு நேரம் பார்த்தவர். ஆடி வேல் விழா இரவுகளில் விழித்திருந்து கடைசி வண்டியைக் கேட்ட கதையை அடிக்கடி சொல்பவர். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். நான்கு அடித் தாளம் சரியாகவே வந்தது. பிறகு வண்டி ஊதிற்று.

"மூச்சுச் சரிதான், தம்பி" என்றார் பெரியையா. "ஊதல் எங்கட வண்டியின்ரை இல்லை."

அவர் சொன்னது மெய். டிகோடருக்குள் இருந்தது இங்கிலாந்தின் எஞ்சினொன்றின் பதிவு. நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நமது பாதையை 76இல் ஒரு பங்காக்கினால் 22 மில்லிமீற்றர் வரும். வண்டியும் பிறர் வண்டி, பாதையும் பிறர் பாதை, குரலும் பிறர் குரல். ஆயினும் டிகோடரில் வேறு ஒலியை ஏற்ற முடியும். இலங்கைப் புகையிரதப் பகுதி பேணி வைத்துள்ள பழைய நீராவி எஞ்சின்கள் சுற்றுலா வண்டியை இழுத்து ஓடியதுண்டு. அத்தகைய எஞ்சின் ஒன்று ஓடும் நாளில் ஒலிவாங்கியோடு பாதையோரம் காத்திருந்தால் அதன் ஊதலைப் பதிந்துகொள்ளலாம். மருமகன் இதைக் கேட்டவுடனே திகதி விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

"அதுவரைக்கும் இதை இன்னொருக்கா ஓட்டு" என்றார் பெரியையா. ஆனால் அப்போது தெற்கேயிருந்து ஒரு டீசல் வண்டி வந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேசைமேலிருந்த மாதிரி வண்டியும் தண்டவாளத்தில் மெல்ல நடுங்கிற்று. அது கடந்துபோய்க் கடலின் இரைச்சல் மட்டும் எஞ்சும்வரை பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தோம்.